நாற்றக் கட்டுப்பாட்டை ஒப்பந்தத்துக்கு விடும்போது லிட்டரை வாங்காதீர்கள், பலனை வாங்குங்கள்

கேள்வி இதுதான். உள்ளாட்சி அமைப்பு ஒன்றில் பாதாளச் சாக்கடைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் எழுதியிருக்கிறார். கழிவுநீரைப் பம்பு வைத்துத் தள்ளும் நான்கு உந்து நிலையங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் சில கிலோமீட்டர் நீளத்துக்கு உந்து குழாய். குழாய் முடிந்து கழிவுநீர் மேன்ஹோலில் விழும் இடங்களில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் மேல் புகார். ஒரு நிறுவனம் வந்து, "தொட்டி, பம்பு, ரசாயனம், பராமரிப்பு எல்லாம் எங்கள் பொறுப்பு, லிட்டருக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்" என்கிறது. இதை ஏற்கலாமா, டெண்டரில் என்னென்ன எழுத வேண்டும், வேலை தொடங்கும்வரை வாசனைத் தெளிப்பான் வைத்துச் சமாளிக்கலாமா என்று மூன்று சந்தேகங்கள் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: லிட்டர் கணக்கில் மட்டும் பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த நிறுவனம் மோசமானது என்பதற்காகச் சொல்லவில்லை. எவ்வளவு ஊற்றுகிறாரோ அவ்வளவு வருமானம் என்று ஒருவரை அமர்த்திவிட்டு, குறைவாக ஊற்றி நாற்றத்தை அடக்கும் வழியை அவரே தேடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதே சமயம் மாதம் இவ்வளவு என்று மொத்தத் தொகை பேசிவிட்டாலும் சிக்கல்தான். அப்போது எவ்வளவு குறைவாக ஊற்றுகிறாரோ அவ்வளவு லாபம். இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டியது அளவீடு. எந்த மேன்ஹோலில், எந்த அளவு, யார் அளந்து, எந்தக் கணக்கில் என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதை எழுத வேண்டுமானால் நாற்றம் எங்கே பிறக்கிறது, எங்கே வெளியே வருகிறது என்பது கைவசம் இருக்க வேண்டும். கழிவுநீரில் சல்பேட் எப்போதும் இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்துபோன குழாயில், உட்சுவரில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்ப் படலத்தில் உள்ள பாக்டீரியா அந்தச் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகிறது. சாய்வில் ஓடும் சாதாரணக் குழாயில் மேலே காற்று இருப்பதால் ஓரளவு தப்பிக்கலாம். உந்து குழாய் முழுக்க நிரம்பி ஓடுவது, காற்றே கிடையாது. உட்சுவர் முழுவதும் படலம். உள்ளே எவ்வளவு நேரம் நீர் கிடக்கிறதோ அவ்வளவு சல்பைடு. அங்கே பிறந்தது அங்கே தெரியாது. குழாய் முடியும் மேன்ஹோலில் நீர் விழுந்து சிதறும்போதுதான் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகப் பிரிந்து மூடியின் துளை வழியே தெருவுக்கு வருகிறது. ஆகவே புகார் வரும் இடம் ஒன்று, நோய் இருக்கும் இடம் வேறு. ரசாயனம் பெரும்பாலும் சேர வேண்டியது மேலே, உந்து நிலையத்தில்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300 மில்லிமீட்டர் விட்டம், 3 கிலோமீட்டர் நீளமுள்ள உந்து குழாயின் கொள்ளளவு ஏறக்குறைய 212 கன மீட்டர். பகலில் மணிக்கு 100 கன மீட்டர் ஓடினால் நீர் உள்ளே கிடப்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரவு 11 மணிக்கு மேல் ஊர் அடங்கி, விடிகாலை 5 மணிவரை மணிக்கு 20 கன மீட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இரவு 10 மணி சுமாருக்கு உள்ளே போன நீர், காலை 5 மணிக்கு வெளியே வரும். ஏழு மணி நேரம் காற்றில்லாமல் கிடந்த நீர். அதற்குப் பின் காலை வெள்ளம் அதை ஒரே மூச்சில் வெளியே தள்ளும். உங்கள் புகார்ப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் விடிகாலையும் காலையுமாகத்தான் இருக்கும். சிலர் இதைக் காலை நேரத்துக் காற்று அசையாததால் என்று விளக்குவார்கள். அதுவும் உண்டு, ஆனால் முதல் காரணம் இரவெல்லாம் குழாய்க்குள் அடைபட்ட நீர்தான்.

இதே காரணத்தால்தான் புதிதாகப் போட்ட திட்டங்கள் பழையவற்றைவிட மோசமாக நாறும். முப்பது ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் மக்கள்தொகைக்குக் குழாய் போடுகிறோம், முதல் சில ஆண்டுகளில் கால்வாசி வீடுகள்கூட இணைப்பு வாங்கியிருக்காது. பெரிய குழாய், குறைந்த நீர், நாள் கணக்கில் தேக்கம். இதை மக்களிடம் சொல்லுங்கள். வேலை சரியில்லை என்ற கோபம் ஓரளவு தணியும்.

என் முதல் ஒப்பந்தத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான் எழுதியது லிட்டர் கணக்கு ஒப்பந்தம்தான். நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் கால்சியம் நைட்ரேட், அதாவது சல்பைடு பிறப்பதைத் தடுக்கும் மருந்து, என்று எழுதியிருந்தேன். மாதா மாதம் பில் சரியாக வந்தது, தொட்டியின் மட்டமும் கணக்குப்படி இறங்கியது. புகார் மட்டும் நிற்கவில்லை. ஒரு வாரம் வாயு லாகரை (வாயு அளவைத் தானாகப் பதிவு செய்யும் கருவியை) மேன்ஹோலில் தொங்கவிட்டு எடுத்து வரைபடத்தைப் பார்த்தபோது, பகல் முழுவதும் தரையோடு தரையாகக் கோடு, விடிகாலையில் மட்டும் ஊசி மாதிரி ஓர் ஏற்றம், ஏழு நாளும் அதே நேரத்தில். மருந்தை அளந்து செலுத்தும் டோசிங் பம்பு 24 மணி நேரமும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாலையும் முன்னிரவும் நீர் வரத்து அதிகம் என்பதால் அந்த நீரில் மருந்து நீர்த்துப்போனது. இரவெல்லாம் உள்ளே கிடக்கப்போவதும் அதே நீர்தான். தேவை அதிகமான நீருக்கு மருந்து குறைவு, இரண்டு மணி நேரத்தில் ஓடிவிடும் பகல் நீருக்கு மருந்து போதுமான அளவு. ஒப்பந்ததாரர் ஒப்பந்தத்தை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். தவறு நான் எழுதிய வாக்கியத்தில் இருந்தது. பிறகு மணிவாரியாக அளவை மாற்றி, முன்னிரவுக்கு அதிகமும் பகலுக்குக் குறைவுமாக வைத்தோம். ஊசி அடங்கியது, மொத்தச் செலவும் முன்பைவிடக் குறைந்தது. அந்த மாற்றத்தை ஒப்பந்ததாரரே முன்வந்து செய்ய அவருக்கு ஒரு காரணமும் நான் தந்திருக்கவில்லை.

ஆகவே டெண்டருக்கு முன்பாகச் செய்ய வேண்டிய வேலை அடிப்படை அளவீடு. இதை ஒப்பந்ததாரரிடம் விடாதீர்கள், நீங்களே செய்யுங்கள். ஒவ்வொரு உந்து குழாயின் முடிவிலும் குறைந்தது இரண்டு வாரம் லாகர் தொங்க வேண்டும். முடிந்தால் வெயில் உச்சத்தில் ஒரு முறை, குளிர்ந்த பருவத்தில் ஒரு முறை. பொமராய், பார்க்ஹர்ஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் தந்த சல்பைடு கணிப்புச் சமன்பாட்டில் வெப்பநிலைக்கு டிகிரிக்கு 7 விழுக்காடு என்ற கணக்கு இருக்கிறது. 10 டிகிரி கூடினால் சல்பைடு உருவாகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. குளிர்ந்த மாதத்தில் அளந்துவிட்டு அதை ஆண்டு முழுமைக்கும் அடிப்படையாக வைத்தால் கோடையில் ஒப்பந்தம் முறியும். லாகரின் அளவு வரம்பையும் பாருங்கள். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை மட்டும் அளக்கும் கருவியை மோசமான மேன்ஹோலில் தொங்கவிட்டால் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டு வரும். உண்மையான உச்சம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

வாயுவை மட்டும் அளந்தால் போதாது. நீரில் கரைந்த சல்பைடையும் அளக்க வேண்டும். வாயு அளவு என்பது மேன்ஹோலுக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது, நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, லாகரை எத்தனை அடி கீழே கட்டினார்கள் என்பதையெல்லாம் பொறுத்து ஆடும். மூடியின் துளையை அடைத்தாலே எண் மாறிவிடும். கரைந்த சல்பைடு அப்படி ஏமாற்றாது. மாதிரி எடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. வாளியில் கொட்டி, பாட்டிலில் சளசளவென்று ஊற்றினால் பாதிச் சல்பைடு அங்கேயே பறந்துவிடும். குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, அங்கேயே துத்தநாக அசிடேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து நிலைப்படுத்தி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அல்லது அந்த இடத்திலேயே கையடக்கக் கிட் வைத்துப் பார்த்துவிட வேண்டும். மாதிரி எடுக்கும் நேரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எல்லா மாதிரியும் முற்பகல் பதினொரு மணிக்கு எடுக்கப்பட்டால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். லாகர் காட்டும் உச்ச நேரத்தில் எடுத்ததே மாதிரி.

கூடவே பிஎச், அதாவது நீரின் அமில, காரத் தன்மையின் அளவு. பிஎச் 7இல் கரைந்த சல்பைடில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன் சல்பைடாக, அதாவது பறக்கத் தயாராக இருக்கிறது. 8இல் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே பிஎச் தெரியாமல் சல்பைடு அளவை மட்டும் வைத்து நாற்றத்தை ஊகிக்க முடியாது.

இந்த எண்களோடு ஒவ்வொரு குழாயின் சல்பைடுச் சுமையையும் கணக்கிட்டு டெண்டரில் இணையுங்கள். நாளொன்றுக்கு 2,000 கன மீட்டர் நீர், சராசரி லிட்டருக்கு 8 மில்லிகிராம் சல்பைடு என்றால் நாளொன்றுக்கு 16 கிலோ சல்பைடு. ஏலதாரர்கள் எல்லோரும் இந்த 16 கிலோவுக்குத்தான் விலை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் இரும்பு உப்பைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் நைட்ரேட்டைப் பற்றிப் பேசுவார், மூன்றாமவர் தம் "தனிக் கலவை" என்பார். லிட்டர் விலையை வைத்து இவற்றை ஒப்பிடவே முடியாது. ஒரே ரசாயனத்திலும் இதே கதைதான். ஒருவருடைய இரும்பு உப்புக் கரைசலில் லிட்டருக்கு 150 கிராம் இரும்பு. இன்னொருவருடையது லிட்டர் விலையில் 20 விழுக்காடு மலிவு, ஆனால் இரும்பு 100 கிராம்தான். கிலோ இரும்புக்குக் கணக்குப் போட்டால் மலிவானது 20 விழுக்காடு கூடுதல் விலை. ஹைட்ரஜன் பெராக்சைடு 35 விழுக்காட்டிலும் வரும், 50 விழுக்காட்டிலும் வரும். நைட்ரேட்டும் அப்படித்தான். ஒவ்வொரு லோடுக்கும் ஆய்வுச் சான்று கேளுங்கள். லாரி வந்ததும் ஓர் அடர்த்திமானியைக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்க்க உங்கள் ஆளுக்குப் பழக்குங்கள். இரண்டு நிமிட வேலை, நீர்த்த சரக்கு வந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

எந்த ரசாயனம் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், ஆனால் எல்லையை நீங்கள்தான் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு, அதன் விளைவு சுத்திகரிப்பு நிலையத்தில் போய் முடியும்.

நைட்ரேட் கொடுத்தால் பாக்டீரியா சல்பேட்டை விட்டுவிட்டு அதை முதலில் எடுத்துக்கொள்ளும், சல்பைடு பிறப்பதையே தடுக்கும். உந்து குழாய்க்கு நன்றாகப் பொருந்தும், கையாள்வதும் ஆபத்து குறைவு. ஆனால் அதிகமானால் நைட்ரஜன் வாயு பிரிந்து, குழாயின் மேடான இடங்களில் தங்கி ஓட்டத்தைத் தடுக்கும். காற்று வால்வுகள் சரியாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். குழாய் முடிவில் மிச்ச நைட்ரேட்டை அளப்பதும் முக்கியம். அங்கே நைட்ரேட் ஏராளமாக மிஞ்சியிருந்தால் உங்கள் பணம் ஆற்றோடு போகிறது என்று அர்த்தம்.

இரும்பு உப்புகள் பிறந்த சல்பைடைப் பிடித்துக் கறுப்பு வீழ்படிவாக மாற்றும். பெரஸ் இரும்பென்றால் கோட்பாட்டளவில் ஒரு கிலோ சல்பைடுக்கு ஏறக்குறைய 1.75 கிலோ இரும்பு, நடைமுறையில் அதைவிட அதிகம் தேவைப்படும். சுத்திகரிப்பு நிலையத்தில் பாஸ்பரஸ் நீக்கத்துக்கு உதவும், கசடு செரிப்பானில் வாயுவைச் சுத்தமாக்கும். ஆனால் கசட்டின் அளவைக் கூட்டும், புறஊதாக் கதிரால் கிருமி நீக்கும் நிலையமானால் இடைஞ்சல் தரும். மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மங்களை இது பெரிதாகத் தொடாது. ஆகவே சல்பைடு பூஜ்யமானாலும் அழுகிய முட்டைக்கோஸ் வாடை நிற்கலாம்.

பெராக்சைடு சில நிமிடங்களில் வேலை செய்யும், ஆனால் நீண்ட நேரம் தாங்காது. குழாய் முடிவுக்கு அருகில் ஊற்றும் இடம் கிடைத்தால் நல்லது. வலுவான ஆக்சிஜனேற்றி, தொட்டிக்குள் அழுக்கோ உலோகத் துகளோ விழுந்தால் சிதைந்து கொதிக்கும். குடியிருப்பு நடுவே இதை வைக்க நான் தயங்குவேன். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு பிஎச்சை 8.5 பக்கம் உயர்த்திச் சல்பைடை நீருக்குள்ளேயே கட்டிப்போடும். சல்பைடு அழிவதில்லை. கீழே வேறொரு கிளைக் குழாயின் நீர் கலந்து பிஎச் இறங்கினால் அடக்கி வைத்ததெல்லாம் அங்கே வெளியே வரும், புகார் தெரு மாறும். காற்றை உறிஞ்சிக் கரிப் படுகையிலோ உயிர் வடிகட்டியிலோ செலுத்துவது இன்னொரு வழி. அது ஓரிடத்தைக் காக்கும், குழாயையோ அடுத்த மேன்ஹோலையோ காக்காது. ஒரே ஒரு மோசமான இடம் என்றால் அதுவே போதும்.

நாற்றத்தைத் தாண்டி இன்னொன்று இருக்கிறது. எங்கள் மேன்ஹோல் ஒன்றின் மூடியைத் திறந்து கழுத்துப் பகுதிக் கான்கிரீட்டை நீளமான கம்பியால் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புச் சாந்து மாதிரி வெள்ளையாக, ஈரமாக, கம்பி நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கம்பி இரண்டு விரற்கடை உள்ளே போய் ஜல்லியில் தட்டியது. படிக்கட்டு இரும்பு பென்சில் கனத்துக்கு மெலிந்திருந்தது. நீர் மட்டத்துக்கு மேலே ஈரச் சுவரில் வாழும் வேறு வகைப் பாக்டீரியா அந்த வாயுவைக் கந்தக அமிலமாக்குகிறது. பிஎச் தாளை அந்தச் சாந்தில் வைத்தால் 1, 2 என்று காட்டும். தெரு உள்வாங்கும் நாள்வரை இது வெளியே தெரியாது. ஒப்பந்தத்தின் இலக்கு நாற்றமா, அரிப்பும் சேர்த்தா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். நாற்றத்துக்கு உச்ச அளவு முக்கியம். ஐந்து நிமிட உச்சம் ஒரு தெருவையே எழுப்பிவிடும். அரிப்புக்கு நாள் முழுவதுக்குமான சராசரி முக்கியம். இரண்டும் வேண்டுமானால் இரண்டுக்கும் எண் எழுதுங்கள்.

அந்த எண்ணை எப்படி எழுதுவது? "நாற்றம் இருக்கக் கூடாது" என்று எழுதாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அந்த அளவுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, தந்தால் நம்பாதீர்கள். இன்ன மேன்ஹோலில், மூடியிலிருந்து இத்தனை மீட்டர் கீழே, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகும் லாகரில், மாதச் சராசரி இத்தனை பிபிஎம்முக்குள், பதிவுகளில் 95 விழுக்காடு இத்தனை பிபிஎம்முக்குள், உச்ச நேரக் கரைந்த சல்பைடு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராமுக்குள் என்று எழுதுங்கள். எண்களை அடிப்படை அளவீட்டிலிருந்து எடுங்கள், வேறு ஊர் டெண்டரிலிருந்து நகலெடுக்காதீர்கள். இலக்கைத் தேவைக்கு மேல் இறுக்கினால் கடைசிச் சில பிபிஎம்மைக் குறைக்க ரசாயனம் மளமளவென்று ஏறும்.

புகார் எண்ணிக்கையைப் பணத்தோடு கட்டாதீர்கள். காற்றுத் திசை மாறினால் கூடும், மக்கள் சலித்துப்போய் தொலைபேசியை எடுக்காமல் விட்டால் குறையும். சலித்துப்போன மௌனத்தை வெற்றி என்று கணக்கெழுதுவது மனசாட்சிக்கு ஒவ்வாதது. ஆனால் புகாரைப் பதிவு செய்வதை விடவே கூடாது. நேரம், இடம், காற்று, என்ன மாதிரி வாடை என்று நான்கும் எழுதுங்கள். லாகர் இல்லாத மேன்ஹோலில் புதிதாக ஏதாவது கிளம்பினால் அதுதான் முதலில் சொல்லும்.

பணம் கொடுக்கும் முறையை நான் இப்போது மூன்றாகப் பிரிக்கிறேன். கருவி, பராமரிப்பு, அளவீடு ஆகியவற்றுக்கு மாதாந்திர நிலைத் தொகை. ரசாயனத்துக்கு, ஊற்றிய கரைசலில் உண்மையில் வேலை செய்யும் பொருளின் கிலோ கணக்கில் அலகு விலை, ஆனால் மாத உச்சவரம்போடு. இலக்கை எட்டிக்கொண்டே வரம்புக்குக் கீழே செலவழித்தால் மிச்சத்தில் ஒரு பங்கு ஒப்பந்ததாரருக்கு. இந்தக் கடைசிப் பகுதிதான் அவரை உங்கள் பக்கம் நிற்கவைக்கும். இலக்குத் தவறினால் பிடித்தம், ஆனால் படிப்படியாக. ஒரு நாள் தவறியதற்கு மாதம் முழுவதையும் பிடித்தால் அடுத்த முறை டெண்டரில் நல்ல நிறுவனங்கள் வராது. மின்தடை, நீங்கள் அறிவிக்காமல் பம்பு இயக்கத்தை மாற்றியது, ஆலைக் கழிவு திடீரென்று கலந்தது போன்றவை அவர் தவறல்ல. அவற்றை எப்படிப் பதிவு செய்து விலக்குவது என்றும் எழுதுங்கள். நீர் வரத்துக் கூடினால் உச்சவரம்பும் அதே விகிதத்தில் கூட வேண்டும்.

அளவீட்டில் ஒரு விதியை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒப்பந்ததாரர் தம் லாகரை வைக்கட்டும், உங்களிடமும் இரண்டு சொந்த லாகர்கள் இருக்கட்டும். மாதம் ஒரு முறை சொல்லாமல் ஏதாவது ஒரு மேன்ஹோலில் அவருடையதற்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் இருவருக்கும் நிம்மதி. அளவுத்திருத்தச் சான்று காலாவதியான லாகரின் பதிவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. மூலப் பதிவுகள், டோசிங் பம்பின் மணிவாரிப் பதிவு, தொட்டி மட்டம் எல்லாம் உங்கள் சொத்து என்று தெளிவாக எழுதுங்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் மூன்று ஆண்டுப் பதிவும் அவரோடு போய்விட்டால் அடுத்தவரிடம் மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேச வேண்டியதுதான்.

தொட்டி யாருடையது என்பதும் அப்படியே. தொட்டியும் பம்பும் அவருடையதாக இருந்தால் தொடக்கச் செலவு குறைவு, ஆனால் பிரியும்போது அவர் தூக்கிக்கொண்டு போன மறுநாளே நாற்றம் திரும்பும். ஒப்பந்தம் முடிந்தபின் 90 நாள் அதே விலையில் சேவை தொடர வேண்டும், தேய்மானம் கழித்த விலையில் கருவியை வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று இரண்டு வரி போதும். தானாகப் புதுப்பிக்கும் விதியை எடுத்துவிடுங்கள். முதலில் ஓர் ஆண்டு, திருப்தி என்றால் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு என்பது நன்றாக வேலை செய்கிறது.

ஒரே குழாயில், ஒரே பருவத்தில், குறைந்தது ஒரு மாதச் சோதனை ஓட்டம் கேளுங்கள். முதல் வாரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், படலம் பழகிக்கொள்ள நாள் பிடிக்கும். சோதனையின் முடிவில் ரசாயனத்தை நிறுத்தி நாற்றம் திரும்புகிறதா என்றும் பாருங்கள். மழையால் குறைந்த நாற்றத்துக்குப் பலர் பெயர் வாங்கியிருக்கிறார்கள்.

தளத்து விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டியைச் சுற்றி அதன் கொள்ளளவில் 110 விழுக்காடு தாங்கும் தடுப்புத் தொட்டி, அவசரக் குளியல், கண் கழுவும் வசதி, ஒரு வாரத்துக்குக் குறையாத இருப்பு, தொலைவிலிருந்தே தெரியும் மட்ட அளவு, கோளாறு என்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்ற எண். லாரி திரும்ப இடம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். வரைபடத்தில் எல்லா லாரியும் திரும்பும்.

சுருக்கமாகச் சொல்லக் கூடாதது ஒன்று உண்டு. இந்த ஒப்பந்தத்தின் கீழ் யாரும் மேன்ஹோலுக்குள்ளோ உந்து நிலையத்தில் கழிவுநீர் சேரும் கிணற்றுக்குள்ளோ இறங்கக் கூடாது. லாகரை மேலிருந்தே கயிற்றில் கட்டலாம், மாதிரியை மேலிருந்தே எடுக்கலாம். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் ஆனாலே உடனடி உயிராபத்து என்ற கணக்கில் வருகிறது. அந்த அளவில்தான் மூக்கும் மரத்துப்போகிறது. வாடை போய்விட்டது என்று நினைத்துக் குனிபவர் எழுவதில்லை, அவரைத் தூக்கப் போனவரும் எழுவதில்லை. வேலை செய்பவரின் நெஞ்சில் கையடக்க அலாரம் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது என்று எழுதி, மீறினால் வேலையை நிறுத்தும் அதிகாரத்தை உங்கள் மேற்பார்வையாளருக்குக் கொடுங்கள்.

கடைசிக் கேள்வி வாசனைத் தெளிப்பான். வேண்டாம். அது ஒரு மில்லிகிராம் சல்பைடையும் குறைக்காது, கான்கிரீட் அரிப்பது அப்படியே தொடரும், அழுகிய முட்டையோடு எலுமிச்சை வாடையும் சேர்ந்து வீட்டுக்குள் வரும். அதைவிட மோசம், வாயு இருப்பதை எச்சரிக்கும் ஒரே அடையாளத்தை மறைத்துவிடும். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது லண்டன் நாடாளுமன்றத் திரைச்சீலைகளைக் குளோரின் சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நாற்றம் நதியில் இருந்தது, திரைச்சீலையில் அல்ல. பிறகு சாக்கடை கட்டித்தான் அதைத் தீர்த்தார்கள்.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்வரை செய்யக்கூடியவை இருக்கின்றன. மேன்ஹோலில் உந்து குழாயின் வாய் உயரத்தில் இருந்தால் ஒரு வளைவுக் குழாய் பொருத்தி நீர் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். நீர் சிதறுவது நின்றாலே வாயு கணிசமாகக் குறையும். உந்து நிலையக் கிணற்றில் பம்பு கிளம்பும் மட்டத்தைச் சற்று இறக்கினால் நீர் அங்கே கிடக்கும் நேரம் குறையும். மோட்டார் மணிக்கு எத்தனை முறை கிளம்பலாம் என்ற வரம்பை மட்டும் தாண்டாதீர்கள். கிணற்றின் மூலையில் படிந்த கசடையும் கொழுப்பையும் வெளியே இருந்தபடி எடுத்துவிடுங்கள். மிக மோசமான இரண்டு மூன்று மேன்ஹோல்களில் மூடிக்குக் கீழே கரி வடிகட்டித் தட்டு வையுங்கள். மூடியை முழுவதும் அடைத்துவிடாதீர்கள், உள்ளே அழுந்தும் காற்று அடுத்த மேன்ஹோலிலோ ஒரு வீட்டின் குளியலறையிலோ வெளியேறும். தட்டு வைத்த அன்றே அடுத்த இரண்டு மேன்ஹோல்களிலும் லாகரைத் தொங்கவிட்டுப் பாருங்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரிந்துவிடும், அந்த வரைபடம் டெண்டர் இணைப்பில் சேர்க்கவும் உதவும்.